வலைச் சாயத்தில் தோய்த்த கோழிகள்

நாட்டுக்கோழி கிடைக்கும் என்று பலகை மாட்டிய கடையைக் கடக்கும்போதெல்லாம் என் முகம் சுண்டிப்போகும். கூட வருகிறவர்கள் நாற்றம் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வார்கள். மீன்காரிக்கு நாற்றம் ஒரு பொருட்டா? விஷயம் வேறு. எங்கள் வீட்டு மானம் ஒரு காலத்தில் இரண்டு கோழிகளோடு படகேறியது. அது போன விதத்தை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குக் காது சூடாகிறது.

நான் பிறந்தது கோட்டைக்குப்பத்தில். நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஏரியில் மீன்பிடித் தொழில். என்னைக் கட்டிக்கொடுத்தது ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்தில். எங்கள் கரையில் நின்றால் அந்த ஊர் அடுப்புப் புகை தெரியும். ஆனால் படகில் ஏறாமல் போக முடியாது. அப்போது எண்பதுகளின் தொடக்கம். பாலம் என்ற பேச்சே கிடையாது.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். பிள்ளை பெற்றவளை ஐந்தாம் மாதம் புருஷன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பும்போது சீரோடு இரண்டு பெட்டைக் கோழிகளும் போகவேண்டும். உயிரோடு, தாய்வீட்டில் முட்டை பொரித்து வளர்த்த கோழிகள். அவற்றை மாமியார் வீட்டுக் கோழிகளோடு விட்டுவிடுவார்கள். அவை இடுகிற முட்டையைத்தான் குழந்தைக்கு முதலில் ஊட்டுவார்கள். தட்டில் வெற்றிலை குறைந்தால் கூட மன்னிப்பார்கள், கோழி சோனியாக இருந்தால் மன்னிக்க மாட்டார்கள். கோழியின் லட்சணத்தைப் பார்த்தால் பெண் வளர்ந்த வீட்டின் லட்சணம் தெரிந்துபோகும் என்று பேசிக்கொள்வார்கள்.

என் வயிறு வெளியே தெரிவதற்கு முன்பே அம்மா அடைக்கு வைத்துவிட்டாள். நல்ல சிவப்புப் பெட்டை ஒன்றைப் பக்கத்துத் தெருவில் கேட்டு வாங்கி, முட்டைகளைச் சூரிய வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துப் பொறுக்கி வைத்தாள். குஞ்சுகள் வந்ததும் அவற்றுக்குப் பின்னாலேயே திரிந்தாள். எங்கள் குப்பத்தில் கோழி வளர்ப்பதென்றால் பாதி நேரம் சண்டைதான். எறா என்கிற இறாலைக் காயப்போட்ட இடத்தில் எல்லாக் கோழியும் மேயும். காயப்போட்டவள் கல்லை எறிவாள். அம்மா அவளோடு சண்டைக்குப் போவாள். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள்.

அம்மா சண்டைக்காரிதான். ஆனால் ஊர் வாய்க்கு அவளைப்போல் பயந்தவள் கிடையாது. வீட்டில் குழம்பு இல்லாத நாளிலும் அடுப்பை மூட்டிப் புகையவிடுவாள். பட்டினி என்று அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். இதைச் சொல்லாவிட்டால் அவள் பின்னால் செய்தது உங்களுக்கு விளங்காது.

அந்தக் கோடையில் கோழிச் சீக்கு வந்தது. வெள்ளைவெள்ளையாகக் கழிந்து, கழுத்து திருகி, காலையில் பார்த்தால் கூடைக்குள் கிடக்கும். குப்பத்தில் பாதிக் கோழி போயிற்று. எங்கள் வீட்டில் வளர்ந்தவற்றிலும் பாதிக்குமேல் போய், மிஞ்சியவை ஆறோ ஏழோ. அம்மா அவற்றை உள்ளே அடுப்பங்கரையிலேயே அடைத்துவைத்தாள்.

அதே கோடையில்தான் வெள்ளைக் கோழியும் எங்கள் குப்பத்துக்கு வந்தது. செங்குன்றம் பக்கத்துப் பண்ணையிலிருந்து என்று சொல்லிக்கொண்டு ஒருவர் சைக்கிளில் கம்பிக் கூண்டு கட்டி எடுத்துவருவார். கொழுகொழுவென்று, பஞ்சு அடைத்த தலையணை மாதிரி இருக்கும். கீழே விட்டால் ஓடாது. பிடிக்கப் பிள்ளைகளைத் துரத்தவேண்டிய வேலையே இல்லை. ஒன்றரை மாதத்தில் இந்த எடை வந்துவிடும் என்று அவர் சொன்னபோது யாரும் நம்பவில்லை. எங்கள் கோழி அந்த எடைக்கு வர ஒரு வருஷம் பிடிக்கும், அதுவும் நாய்க்கும் கீரிக்கும் தப்பினால்.

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் வாங்கியது. மறுநாள் காலையில் வந்து அம்மாவிடம் ஒரே புகழ்ச்சி.

"ஒரு கோழில ஊடே சாப்ட்டோம், பெரிம்மா. ரெண்டு சுள்ளி எரியறதுக்குள்ள வெந்துடுச்சு. பல்லே வேணாம், அப்பிடி கீது."

"பல்லு வேணாத கறிய இன்னாத்துக்குத் துன்றது?" என்றாள் அம்மா. "அது கோழி இல்லடி. ஊதிவுட்ட மாவு."

சொன்னதோடு விடவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும் அவளுக்கு. அந்த அக்கா அடுத்த கோழி வாங்கியதும் ஒரு காலைக் கேட்டு வாங்கிவந்து ஒரு சட்டியில் போட்டாள். நைனாவுக்காக அறுத்த கிழட்டுச் சேவலின் காலை இன்னொரு சட்டியில் போட்டாள். இரண்டையும் ஒரே அளவு தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, விரலை விட்டுப் பார்த்தாள். சேவல் சாறு பட்ட இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. வெள்ளைக் கோழிச் சாறு தண்ணீர் மாதிரி வழுக்கியது. என் கையையும் பிடித்து இழுத்து விட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"ஒட்டறதுதான் ஒடம்புலயும் ஒட்டும். இது வாயில நொழஞ்சு வெளிய போறதோட சரி." இது அவளாகவே கண்டுபிடித்த வைத்தியம். எந்த ஆஸ்பத்திரியிலும் ஒத்துக்கொள்வார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த நான் சிரித்தேன்.

ஆனி மாதம் மகன் பிறந்தான். வீட்டில்தான் பிரசவம். அவன் அழுதான், எல்லாரும் சிரித்தார்கள், அப்புறம் எனக்கு ரத்தம் நிற்கவில்லை. பாயெல்லாம் நனைந்தது. நைனா வண்டி பிடித்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனதும் தெரியாது. திரும்பி வந்தபோது நான் எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தேன். எழுந்து உட்கார்ந்தால் சுவர் சுற்றும். பால் சரியாக ஊறவில்லை. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழும். முட்டை, கறி, கீரை எல்லாம் நன்றாகக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பாலுக்குச் சுறாப் புட்டு செய்தாள் அம்மா. மீன் எங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மீன் பாலைத்தான் கொடுக்கும், போன ரத்தத்தைக் கோழிதான் கொடுக்கும் என்று அவளுக்கு ஒரு தீர்மானம். மிளகும் சீரகமும் பூண்டும் அம்மியில் அரைபடுகிற சத்தம் காலையில் கேட்கும். மண்சட்டி அடுப்பில் மதியம் வரை இருக்கும். சாறு ஒரு கிண்ணம், அப்புறம் கறியைப் பிய்த்துச் சோற்றோடு. சதை நார்நாராக இருக்கும், மென்று முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். தின்றேன். தின்றுகொண்டே இருந்தேன். மூலையில் படுத்துக் கிடக்கிறவள் கூடையில் மிச்சம் எத்தனை கோழி என்று எட்டிப் பார்ப்பாளா?

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் பேசியது உள்ளே கேட்டது.

"உனுக்கு இன்னா பெரிம்மா பைத்தியமா? வெள்ளக் கோழிய வாங்கி பொண்ணுக்கு ஆக்கிப் போடு. ஊட்டுக் கோழிய சீருக்கு நிறுத்திக்கோ. அவுங்க வந்து நின்னா இன்னா குடுப்ப?"

நியாயமான பேச்சு. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். அம்மா என்ன பதில் சொன்னாள் என்று என் காதில் விழவில்லை. தூங்கிப்போனேன்.

புரட்டாசியில் நான் எழுந்து நடமாடினேன். கன்னத்தில் நிறம் வந்தது. பிள்ளை குடித்த பால் கடைவாயில் வழிந்தது. பசியாவரத்திலிருந்து என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், சொல்லி அனுப்பினார், ஐப்பசி பிறந்ததும் நல்ல நாள் பார்த்து அழைக்க வருவதாக.

அந்த நாட்களில் அம்மாவின் கை முழங்கை வரை செம்பழுப்பாக இருந்தது. நான் ஒன்றும் நினைக்கவில்லை. எல்லாரும் நைலான் வலைக்கு மாறிய பிறகும் நைனா பழைய நூல் வலை ஒன்றை விடாமல் வைத்திருந்தார். நூல் வலை தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்க மரப்பட்டையை ஊறவைத்துக் காய்ச்சி அந்தச் சாயத்தில் தோய்ப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் அதற்கென்று ஒரு பெரிய பானை உண்டு. வலைக்குத்தான் சாயம் போடுகிறாள் என்று இருந்துவிட்டேன்.

அழைக்கிற நாள் வந்தது. அத்தையும் அவர் ஊர்ப் பெண்கள் இரண்டு பேரும் வந்தார்கள். என் அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. ரசத்தில் உப்புக் கூடினால் திட்டுவார், குறைந்தாலும் திட்டுவார், சரியாக இருந்தால் எதற்கு இவ்வளவு ரசம் என்று திட்டுவார். திட்டிவிட்டு அதே வேகத்தில் மறந்தும்போவார். கல்யாணமான புதிதில் அழுதேன். அப்புறம் பழகிவிட்டது. அவர் திட்டாத நாளில்தான் உடம்புக்கு என்னவோ என்று தோன்றும்.

அம்மா சீர்த் தட்டுகளை வரிசையாக வைத்தாள். கடைசியில் ஒரு மூங்கில் கூடை, மேலே துணி கட்டி. அத்தை துணியின் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்தார். உள்ளே இருட்டில் சிவப்பும் பழுப்புமாக இரண்டு கோழி. கூடையைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல கனமா கீதே. இன்னா போட்டு வளத்த?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

"எறாத் தவுடுதான், சம்மந்திம்மா," என்றாள் அம்மா. முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டுகளை அடுக்கப் போய்விட்டாள்.

படகில் ஏறினோம். அத்தை, அந்த இரண்டு பெண்கள், மடியில் பிள்ளையோடு நான். படகோடு வந்திருந்த என் புருஷன்தான் கோல் ஊன்றித் தள்ளினார். கூடையை என் காலடியில் வைத்தார்கள். அம்மா கரையில் நின்றாள். படகு கொஞ்சம் நகர்ந்ததும் தூறல் விழுந்தது. ஐப்பசித் தூறல், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நான் முந்தானையால் பிள்ளையை மூடினேன்.

கரையில் அம்மா படகோடு சேர்ந்து ஓடிவந்தாள். கையை ஆட்டிக் கத்தினாள்.

"கோழிய மூடுங்க! அடியே, கோழிக்கு மேல சாக்கப் போடு!"

படகில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "பேரன் நனையறான், பாட்டிக்குக் கோழி நனையுதேன்னு கீது," என்றாள் ஒருத்தி. எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பெண்ணும் பேரனும் போகிறார்கள், இவளுக்குக் கோழிக் கவலை. அவள் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்துகொண்டேன்.

மழை வலுத்தது. மூடச் சாக்கும் இல்லை. பாதி ஏரியில் இருக்கும்போது அத்தை என் காலைப் பார்த்தார். படகின் அடியில் தேங்கியிருந்த தண்ணீர் என் பாதத்தைச் சுற்றிச் சிவப்பாக இருந்தது. என் புடவை ஓரமும் நனைந்து அதே நிறம்.

"ஐயோ, மறுபடியும் போவுதாடி?" என்று அலறிவிட்டார். ஒரு கையால் என்னைத் தாங்கி, மறுகையால் என் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பார்த்தார். என் புருஷன் கோலை விட்டுவிட்டு வந்தார். வலி இல்லையே, எப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஒருத்தி கூடையின் துணியை விலக்கினாள். இரண்டு கோழிகளும் நனைந்து, திட்டுத்திட்டாக வெள்ளை தெரிய உட்கார்ந்திருந்தன. இறகிலிருந்து செம்பழுப்புத் தண்ணீர் சொட்டிக் கூடை வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த நாற்றம் எல்லாருக்கும் தெரிந்த நாற்றம். எந்தக் குப்பத்தில் பிறந்தவளுக்கு வலைச் சாயம் தெரியாது?

ஒருத்தி முதலில் சிரித்தாள். மற்றவளும் சேர்ந்துகொண்டாள். "வலைய முக்கற மாதிரி கோழிய முக்கிகீறாங்கடி!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரியில் குதித்துவிடலாமா என்று இருந்தது, ஏரி அந்த இடத்தில் இடுப்பளவுதான்.

அத்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். தாயையும் தாயைப் பெற்றவளையும் இழுத்து நாறடிப்பார் என்று காத்திருந்தேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. புடவையை இறக்கிவிட்டார். கூடையின் துணியை மூடினார். கரை வரும் வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று இரவும் திட்டவில்லை. மறுநாளும் இல்லை. ரசம், சோறு, பிள்ளை, துணி எல்லாவற்றுக்கும் என்னைத் திட்டினார், வழக்கம்போல. கோழியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு பெரிய வாய் ஒரு விஷயத்தில் மட்டும் மூடிக்கொண்டால் அதற்கு என்ன பொருள்? பேசக்கூட அருவருப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கோழிகள் வாசலில் இருந்தன. ஒன்று வந்த வாரத்திலேயே செத்தது. இன்னொன்று சாகவும் மாட்டேன் என்றது. சாயம் முழுசாகப் போகவும் இல்லை, நிற்கவும் இல்லை. முதுகில் பழுப்பு, வயிற்றில் வெள்ளை, கழுத்தில் இரண்டும். அத்தை வீட்டுக் கோழிகள் கூரை மேல் பறந்து ஏறும்போது இது கீழே நின்று அண்ணாந்து பார்க்கும். மண்ணைக் கிளறத் தெரியாது. தீனி போடுகிற கைக்காக வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் முதலில் அதைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நிற்கும். வலை இழுக்கிற இடத்தில் என் புருஷனிடம், "உன் மாமியார் ஊட்ல மீனுக்கும் சாயம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"அத அறுத்துடச் சொல்லேன்," என்று அவரிடம் கெஞ்சினேன்.

"அம்மா சொல்லட்டும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வெள்ளையாவே குடுத்திருந்தா நாலு நாள் பேசிட்டு வுட்டிருப்பாங்க," என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையும் அதுதான். அதனால்தான் அது அவ்வளவு உறைத்தது.

மார்கழிக்கு முன்பு அந்தக் கோழி தானாகவே செத்துக் கிடந்தது. அத்தை அதைக் கறிக்கும் ஆக்கவில்லை, நாய்க்கும் போடவில்லை. தூரத்தில் கொண்டுபோய்ப் புதைத்தார். அதற்கும் எனக்கு வெட்கமாக இருந்தது.

பொங்கலுக்குத் தாய்வீட்டுக்குப் போனபோது பொறுத்துக்கொள்ள முடியாமல் கேட்டேன்.

"ஏம்மா இப்டி பண்ண? என்னால தெருவுல நடக்க முடியல."

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஏரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிற படகுக்காரர்களுக்கு வேறு என்ன வேலை? அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கடைசியா ரெண்டு கோழிதான் நின்னுச்சு. நீ செவுத்தப் புடிச்சிகினு நடந்துகினு இருந்த. அந்த ரெண்ட உனுக்குப் போட்டாதான் எழுந்துப்பன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஊதுன கோழிய உனுக்குப் போட்டுட்டு, நல்ல கோழிய ஊருக்குக் காட்டச் சொல்றியா? எனுக்கு மனசு வர்ல."

"அப்ப வெள்ளையாவே குடுத்திருக்கலாமே."

"வெறும் பண்ணைக் கோழிய எப்டி குடுக்கறது? இவ ஊட்ல ஒரு கோழி வளக்க வக்கில்லன்னு சொல்ல மாட்டாங்க?"

எனக்கு அழுவதா, கத்துவதா என்று தெரியவில்லை. நான் தின்று தேறிய கோழிகள் அவை. ஒவ்வொரு கிண்ணம் சாற்றிலும் அம்மா தன் மானத்தைக் கரைத்து ஊற்றியிருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் உடம்பே எனக்குக் கூசியது.

அதற்குப் பிறகு அம்மா பசியாவரத்துக்கு வரவே இல்லை. மகனைப் பார்க்கவேண்டுமென்றால் நான்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஏதாவது பண்டம் செய்தால் படகுத்துறை வரை வந்து படகுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். மகனுக்குக் காது குத்தியபோது என் தம்பி வந்தான், அவன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தினோம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னான். அத்தை கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஏன் வரவில்லை என்று அவரும் ஒருநாளும் கேட்டதில்லை. வீம்பு பிடித்த இரண்டு பேருக்கு நடுவே மாட்டிக்கொண்டேன் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் வந்து, மறுபடியும் தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு காலையில் அத்தை வந்து நின்றார். சொல்லி அனுப்பவில்லை. இடுப்பில் ஒரு கூடை. உள்ளே நான்கு பெட்டைக் கோழிகள், எல்லாம் அவர் வீட்டில் வளர்ந்தவை. அடுப்பங்கரையில் இருந்த அம்மா எழுந்து, தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

"இந்த தபா நீ வளக்காத," என்றார் அத்தை. "நான் வளத்துக் கொண்டாந்துகீறேன். பொண்ணுக்கு ஆக்கிப் போடு. உன்ன மாரி ஆக்கத் தெரியாது எனுக்கு. சீருக்குன்னு ஒண்ணும் வெக்க வேணாம்."

அம்மா கூடையைத் தொடவில்லை. "நான் பண்ணது உங்களுக்கு மனசுல இல்லியா, சம்மந்திம்மா?" என்றாள்.

"இன்னா மனசுல? அன்னிக்கு படகுல அந்தத் தண்ணியப் பாத்து, உன் பொண்ணுக்குத்தான் மறுபடியும் ரத்தம் போவுதுன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. கோழின்னு தெரிஞ்சப்பதான் உசுரு வந்துச்சு. அப்பறம் அவ கன்னத்தப் பாத்தேன். ஆஸ்பத்திரில பாத்தப்ப எப்டி கெடந்தா, இப்ப எப்டி கீறான்னு பாத்தேன். நல்ல கோழியெல்லாம் எங்க போச்சுன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்குமேல எங்க திட்றது?"

நான் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம். இந்த மூன்று வருஷமும் அந்த வாய் மூடியிருந்ததற்கு இதுதான் காரணமா?

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்புறம் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"திட்டியிருந்தீங்கன்னா நான் மறுநாளே வந்து உங்க கால்ல உழுந்திருப்பேன். எல்லாத்துக்கும் திட்ற நீங்க என்ன மட்டும் திட்டலன்னதும், திட்றதுக்குக் கூட லாயக்கில்லன்னு ஒதுக்கிட்டீங்கன்னு நெனச்சிகினேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பேரனுக்குக் காது குத்துன அன்னிக்கு எனுக்குக் காய்ச்சல் இல்ல. காலைலேருந்து படகுத்துறைலதான் நின்னுகினு இருந்தேன். உங்க ஊட்டுப் பந்தல் தெரிஞ்சுது. கொட்டுச் சத்தம் கேட்டுச்சு. இப்ப குத்தறாங்கன்னு நெனச்சு காதப் பொத்திகினேன். உங்களுக்கு எல்லாம் தெரியும்னு ஒரு வார்த்தை அப்பவே சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?"

அத்தை கூடையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, தரையில் ஒட்டியிருந்த மணலை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். நானாவது சொல்லியிருக்கலாம், நானாவது கேட்டிருக்கலாம். அந்த வீட்டில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்து பார்க்க வெகுநேரம் எங்களால் முடியவில்லை.